மாம்பழ ஆவியும் ஒரு தலாக்கும்

கத்தாரில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்த இன்பாஸ், சாய்ந்தமருதுக்குக் கொண்டுவந்த சாமான்களில் நிலைத்து நின்றது ஒன்றே ஒன்றுதான். மாம்பழ வாசம் அடிக்கிற வேப் என்கிற மின்சிகரெட். சுவரை மறைக்கும் பெரிய டிவி ஆறு மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டது. அத்தர்ப் போத்தல்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. வேப் மட்டும் ஒன்று முடிய ஒன்றாகக் குறைவில்லாமல் வந்துகொண்டிருந்தது. நாட்டில் அதை விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. கல்முனைக் கடைத்தெருவில் ஃபோன் கவர்களுக்கு அடியில் அது கிடைக்கவும் செய்கிறது.

"இது சிகரெட் இல்ல, வெறும் ஆவி," என்பான். மூக்காலும் வாயாலும் விட்டுக் காட்டுவான், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

"சோத்துப் பானையிலயும்தான் ஆவி வருது. அத ஆரு வாயில வெச்சு உறிஞ்சிற?" என்று கேட்பாள் பெண்சாதி ஸுஹைறா. அவள் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். காலை முதல் மாலை வரை விண்ணப்பப் படிவங்களோடும் சாக்குப்போக்குகளோடும் மாரடிக்கிறவள். ஒரு ஆள் எந்த இடத்தில் பொய் சொல்லத் தொடங்குகிறான் என்பதைப் படிவத்தின் இரண்டாம் பக்கத்துக்குப் போகுமுன்னே கண்டுபிடித்துவிடுவாள். வீட்டில்தான் அந்தக் கெட்டித்தனம் கொஞ்சம் பிந்தி வேலை செய்தது.

ஹஜ்ஜுப் பெருநாளன்று பகல், நாலு வயது மகள் நுஸ்ஹா கட்டிலில் கிடந்த வேப்பை எடுத்தாள். வாயில் வைத்து, வாப்பா செய்வது போலவே கன்னம் குழிய இழுத்தாள். பிறகு இருமி இருமி, பெருநாள் சட்டை நனைய வாந்தியெடுத்தாள். ஸுஹைறா பிள்ளையைக் கழுவித் துடைத்து, நன்றாக மூச்சு விடுகிறாளா என்று பார்த்து, தன் உம்மா ஸாலிஹாவின் மடியில் கொடுத்துவிட்டு நேரே சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். அங்கே இன்பாஸும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளும், அவளுடைய வாப்பாவின் தம்பி இப்றாஹிம் சாச்சாவும், அவள் தம்பி அர்ஹமும் புரியாணியில் கை வைத்திருந்தார்கள்.

"உங்கட புள்ள உங்களப் பாத்துப் படிச்சிட்டாள். இனி ரெண்டு பேருமா மாறி மாறி இழுங்க," என்றாள்.

நாலு ஆம்பிளைகள் முன்னால் இப்படிக் கேட்டுவிட்டால் ஒரு மனிதன் செய்யக்கூடிய காரியங்கள் பல உண்டு. எழுந்து போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். தலையைக் குனியலாம். அந்தச் சாமானைக் கொண்டுபோய்க் கிணற்றில் எறியலாம். இன்பாஸுக்கு வீரம் வந்துவிட்டது. சோறு ஒட்டின கையை உயர்த்திக்கொண்டு சொன்னான்.

"வல்லாஹி, இனி இத நான் வாயில வெச்சனெண்டா, வேப்பெண்டாலும் சரி சிகரெட்டெண்டாலும் சரி, இவள் தலாக்."

மேசையில் ஒருவர்கூட அவன் வாயைப் பொத்தவில்லை. கூட்டாளிகளில் ஒருவன் "மாஷா அல்லாஹ்" என்றான். இப்றாஹிம் சாச்சா தாடியைத் தடவியபடி, "ஆம்பிளெண்டா இப்பிடித்தான் முடிவெடுக்கோணும்," என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு இறைச்சி எடுத்தார்.

ஸுஹைறா நின்ற இடத்திலேயே நின்றாள். இழுத்தது அவன், வாந்தியெடுத்தது பிள்ளை, தலாக் அவளுக்கு. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று சொல்வார்களே, அதை அவள் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். உலகத்தில் எத்தனையோ பேர் நிக்கொட்டினைக் கைவிடுகிறார்கள். மிட்டாய் சூப்புகிறார்கள், ஓடுகிறார்கள், பத்து நாள் எல்லாரிலும் எரிந்து விழுகிறார்கள், பதினோராம் நாள் மனிதராகிறார்கள். கட்டினவளின் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு, என் மன உறுதியைப் பார் என்று நிற்பதற்கு ஒரு தனிப் பிறவி வேண்டும்.

அடுத்த நாளே அர்ஹமை ஷரிபுதீன் மௌலவியிடம் அனுப்பினார்கள். போனவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான்.

"ராத்தா, அவரு ரெண்டு பக்கமும் சொல்றாரு. சொன்னபடி நடந்தா தலாக் விழும் எண்டு சொல்ற ஆக்களும் இரிக்காங்களாம். அது வெறும் சத்தியம், பரிகாரம் குடுத்தாச் சரி எண்டு சொல்ற ஆக்களும் இரிக்காங்களாம். அதால மச்சான இழுக்காம இரிக்கச் சொல்லட்டாம்."

இதைச் சொல்ல ஒரு மௌலவி தேவையில்லை. ஸுஹைறா தன் அளவில் ஒரு முடிவுக்கு வந்தாள். வார்த்தை விழுந்தால் விழுந்ததுதான். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு நிக்காஹ்வுக்குள் படுத்தெழும்ப அவளால் ஏலாது. அவன் ஒரு தரம் இழுத்தால் கதை முடிந்தது, அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீடு ஸுஹைறாவின் பேரில். கலியாணத்துக்கு முன் வாப்பா கட்டிக் கொடுத்தது. இன்பாஸ் ஊர் வழமைப்படி ஒரு சூட்கேசோடு வந்து ஏறின மாப்பிள்ளை.

ஸாலிஹாவுக்கு வீடு யார் பேரில் என்பது பெரிதாகத் தெரியவில்லை. "அவரு இழுக்காமப் பாத்துக்க கா. பொம்புளப் புள்ளயோட தனிய நிக்கிறது லேசில்ல," என்றாள்.

முதல் கிழமை ஏழு நாளும் இன்பாஸ் உண்மையாகவே கஷ்டப்பட்டான். அதை மறைக்கக்கூடாது. கை தானாகச் சட்டைப் பையைத் தேடிப் போகும். வெறும் பையைத் தடவிவிட்டுத் திரும்பி வரும். தலையிடி, வியர்வை, படுத்தால் நித்திரையில்லை. பூனை குறுக்கே போனாலும் ஏசினான். ஸுஹைறா ஆஸ்பத்திரியில் தெரிந்த தாதி ஒருத்தியிடம் கேட்டு வந்தாள். ஆசை வந்ததும் உடனே இடம் கொடுக்காமல் பத்து நிமிஷம் தள்ளிப் போடட்டும், தண்ணீர் குடிக்கட்டும், மூச்சை ஆழ எடுத்து மெல்ல விடட்டும், கையில் ஏதாவது வேலை இருக்கட்டும், எந்த ஆசையும் சில நிமிஷத்தில் தணிந்துவிடும், நாள் போகப் போக வருவதும் குறையும் என்று தாதி சொல்லியிருந்தாள்.

ஸுஹைறா அதை அப்படியே செய்தாள். அவன் பைக்குள் கராம்பும் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியும் போட்டாள். மேசையில் கச்சான் கடலை வறுத்து வைத்தாள், கோது உடைக்கிற வேலையாவது கைக்கு இருக்கட்டும் என்று. அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு நடந்தாள். நடந்துகொண்டிருக்கும்போதே அவனுக்கு வரும். அவள் கையை இறுக்கிப் பிடிப்பான். அவள் ஃபோனைப் பார்த்து நேரம் சொல்வாள். "மூணு நிமிஷம் போயிட்டு. இன்னும் ஒள்ளுப்பம். நாலு." ஆறாவது நிமிஷத்தில் அவன் விரல்கள் தளரும். அந்தக் கிழமை அவளுக்கு அவன்மேல் இரக்கம்கூட வந்தது. இப்போது அதை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் கிழமை ஒரு பகல். ஸாலிஹா மருமகனுக்குப் பாரை மீனின் வால் துண்டைப் போட்டுவிட்டாள். இன்பாஸ் துண்டைப் பார்த்தான். கையை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சைத் தடவினான்.

"மாமி, எனக்கு வருது," என்றான்.

ஸாலிஹா பதறிப் போய், மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த தலையைக் கொண்டுவந்து சோற்றுக் கோப்பையில் வைத்தாள். வந்தது போய்விட்டது. பாரைத் தலைக்கு நிக்கொட்டின் ஆசையை அடக்கும் குணம் உண்டு என்பதை அந்த வீட்டில் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்கள்.

அதற்குப் பிறகு அவனுக்கு அடிக்கடி வந்தது. ஏசி இல்லாத அறையில் படுத்தால் வந்தது. ஸாலிஹா தன் அறையை விட்டுக் கொடுத்து ஹோலில் பாய் விரித்தாள். பிள்ளையை முன்பள்ளியில் கொண்டுபோய் விடச் சொன்னால் வந்தது. ஸுஹைறா அலுவலகக் கூட்டம் முடிந்து அரை மணித்தியாலம் பிந்தினால், வாசலிலேயே வந்து நின்றது. "எனக்கு வருது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஸாலிஹா தண்ணீரோடு ஓடி வருவாள், நுஸ்ஹா கச்சான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். அடக்க வேண்டியவன் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு இருப்பான்.

படிவம் படித்துப் பழகிய ஸுஹைறா மெல்லக் கவனிக்கத் தொடங்கினாள். அவன் வேலை செய்யும் டைல்ஸ் கடையில் முதலாளி நாய் மாதிரி ஏசினால் வருவதில்லை. ஜும்ஆ குத்பா நீண்டால் வருவதில்லை. கிரிக்கெட் கடைசி ஓவரில் நகம் கடித்துக்கொண்டு இருக்கும்போதும் வருவதில்லை. தன்னை யாரும் தாங்காத இடத்தில் அவனுக்கு அது ஒரு நாளும் வந்ததில்லை. நாள் போகப் போகக் குறையும் என்று தாதி சொன்னதும், ஆறு நிமிஷத்தில் தணியும் என்று அவளே பார்த்ததும் பொய்யில்லை. இப்போது கேட்டது கிடைக்கும் வரைக்கும் அது தணியாமல் நின்றது.

தெரிந்தும் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. நூற்றில் ஒரு தரம் அது மெய்யாக இருந்துவிட்டால்? துணி கழுவும்போது அவன் சட்டைக் கழுத்தை மூக்கில் வைத்து மாம்பழம் மணக்கிறதா என்று பார்த்தாள். ஒரு நாள் அவன் மாம்பழச் சாறு குடித்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தபோது அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். படித்த, உத்தியோகம் பார்க்கிற, வீடு வளவு உள்ள ஒருத்தி, ஒரு ஆம்பிளையின் வாயை மோந்து பார்த்துத் தன் வாழ்க்கை இருக்கிறதா என்று தெரிந்துகொள்கிறாள். தன்னை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வெளியில் இன்பாஸுக்கு நல்ல பேர். பள்ளிவாசல் வாலிபர் கூட்டத்தில் "மன உறுதி" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். பேசினான். இருபது நிமிஷம். பெண்சாதியின் பேர் அதில் ஒரு இடத்தில் வந்தது, தலாக்கைச் சொன்ன இடத்தில். பொடியன்மார் கை தட்டினார்கள் என்று அர்ஹம் வந்து சொன்னான்.

மூன்றாம் மாதம் பேச்சு காணிக்கு வந்தது. வரிப்பத்தான்சேனையில் ஸுஹைறாவுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. வாப்பா மௌத்தாகுமுன் அவள் பேருக்கு எழுதினது. இரண்டு போகமும் விளையும். வீட்டுச் சோறு அதிலிருந்துதான். இன்பாஸுக்கு அதை விற்று ஒரு வேன் எடுக்க வேண்டும், எயார்போர்ட் ஹயர் ஓட வேண்டும்.

"வயல் இரிக்கட்டும்," என்றாள் ஸுஹைறா.

"நீ இப்பிடிப் புடிவாதம் புடிச்சா எனக்கு டென்ஷன் ஏறுது. டென்ஷன் ஏறினா எனக்கு வருது. பொறகு நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல."

இதைச் சொல்லும்போது அவன் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தான். கோது சோபாவின் அடியில் விழுந்தது. குரலில் நடுக்கம் இல்லை, நெற்றியில் வியர்வை இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிறவனைப் போலச் சொன்னான்.

ஸாலிஹா குசினிக்குள் மகளைக் கூப்பிட்டு அழுதாள். "வயல் போனாப் போகட்டும் மகள். ஒப்பத்த வெச்சிரு. வாழ்க்க பெரிசு."

"எந்த வாழ்க்க உம்மா?" என்று கேட்டாள் ஸுஹைறா.

வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ஸுஹைறா கல்முனைக் கடைத்தெருவுக்குப் போனாள். ஃபோன் கவர் தொங்கும் கடையொன்றில் ஏறி, நேரடியாகவே கேட்டாள்.

"வேப் இரிக்கா?"

கடைக்காரன் அவளுடைய அபாயாவைப் பார்த்தான், கழுத்தில் தொங்கின அலுவலக அட்டையைப் பார்த்தான், பின்கதவைப் பார்த்தான். "அப்பிடிச் சாமான் நாங்க விக்கிறல்ல மிஸ்."

"நான் செக் பண்ண வரல்ல தம்பி. வீட்டுக்கு."

அவன் முகம் மாறியது. குனிந்து ஒரு பெட்டியை எடுத்தான். "என்ன ஃபிளேவர்?"

"மாம்பழம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இப்றாஹிம் சாச்சா சாப்பிட வந்தார். இன்பாஸ்தான் கூட்டி வந்தான். காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியும் ஒரு பேனையும் சாச்சாவின் பையில் இருந்தன. நனைகிற ஆட்டுக்காக அழ வந்தவர், முதலில் நன்றாகச் சாப்பிட்டார். பிறகு பேச்சைத் தொடங்கினார்.

"புள்ள, உன்ட புருஷன் எவ்வளவு பெரிய ஜிஹாத் செய்றான் எண்டு உனக்கு வெளங்கல்ல. மூணு மாசம். லேசுப்பட்ட காரியமில்ல. நாமதான் அவன்ட மனசு நோகாமப் பாத்துக்கோணும்."

"ஓம் சாச்சா," என்று இன்பாஸ் தலையைக் குனிந்துகொண்டான். "நான் நெருப்புல நிக்கிறன். இவள் தாற டென்ஷன் கூடிக் கூடி வருது. இப்பயும் வருது. என்னையறியாம ஒரு நாளைக்கு இழுத்துப் போட்டனெண்டா, பழி எனக்கில்ல."

நெஞ்சைத் தடவினான். ஸாலிஹா தண்ணீர்க் கோப்பையைத் தூக்கிவிட்டாள்.

"வெய்யிங்க உம்மா," என்றாள் ஸுஹைறா. அறைக்குள் போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தாள். மேலுறையைக் கிழித்து, வேப்பை எடுத்து, அவனுடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். மீன் முள்ளுக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும் நடுவில் அது மஞ்சள் நிறத்தில் பளபளவென்று இருந்தது.

"இழுங்க," என்றாள்.

"இதென்ன வெளையாட்டு புள்ள?" என்று சாச்சா எழும்பப் பார்த்தார்.

"இரிங்க சாச்சா. அண்டைக்கும் இந்த மேசையிலதான் இருந்தீங்க. இவருக்கு மூணு மாசமா வருது. நான் தண்ணி குடுத்தன், கச்சான் குடுத்தன், உம்மாட அறையக் குடுத்தன். இப்ப வயலக் கேக்கிறாரு. அது குடுக்க ஏலா. அதால இதக் கொண்டுவந்து வெச்சிரிக்கன். நான் ஏசவும் மாட்டன், அழவும் மாட்டன்."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று நாற்பது. ஸாலிஹா வாய்க்குள் சலவாத்து ஓதத் தொடங்கினாள். இன்பாஸ் வேப்பைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பிறகு வீட்டைப் பார்த்தான். மேல் கூரை, மாபிள் பதித்த தரை, ஏசி ஓடுகிற அறையின் கதவு, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தான். கையை நீட்டி வேப்பை எடுத்தான். அதன் வாயைப் பெருவிரலால் தடவினான். பழைய ஆசை அந்த விரலில் மெய்யாகவே இருந்தது, அதை அவள் கண்டாள். முதல் கிழமைக்குப் பிறகு அவன் முகத்தில் அவள் கண்ட முதல் உண்மை அதுதான். மேலுதட்டில் வியர்வை பூத்தது.

மூன்று நிமிஷம். நாலு. இந்தத் தடவை அவள் வாய் திறந்து நேரம் சொல்லவில்லை. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருக்கிறவளைப் போல, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது நிமிஷத்தில் அவன் அதைக் கீழே வைத்தான்.

"எனக்கு இப்ப மனமில்ல," என்றான்.

ஸாலிஹா "அல்ஹம்துலில்லாஹ்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இதான் ஈமான், பாத்துக்க புள்ள," என்று சாச்சா மேசையில் தட்டினார். இன்பாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அடுத்த வாலிபர் கூட்டத்தில் சொல்வதற்கு ஒரு கதை கிடைத்துவிட்ட களை முகத்தில் வரத் தொடங்கியிருந்தது.

ஸுஹைறாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. முதலில் அது என்னவென்று அவளுக்கே பிடிபடவில்லை. மூன்று மாதம் எதைப் பயந்து சட்டைக் கழுத்தை மோந்தாளோ, அது நடக்கவில்லை. தப்பிவிட்டாள். சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அவன் இழுக்க வேண்டும் என்றுதான் அந்த ஆறு நிமிஷமும் தான் துஆக் கேட்டுக்கொண்டு நின்றதை அவள் விளங்கிக்கொண்டாள். விளங்கினதும் பயம் முழுக்கப் போய்விட்டது.

சாச்சா பையைத் திறந்து உறுதிப் பிரதியை எடுத்து விரித்தார். "மனசு நல்லா இரிக்கிற நேரத்துல ஒப்பத்த வெச்சிரு மகள்."

"வயலுக்கு வெக்க மாட்டன் சாச்சா. நாளைக்குப் பிரிவு கேட்டுக் காதியார்ட்டப் போறன், அங்க வெக்கிறன். அர்ஹம் கூட வருவான்."

இன்பாஸ் பேசினான். அவன் குரல் சின்னப்பிள்ளையின் குரலாகப் போய்விட்டிருந்தது.

"நான்தான் இழுக்கல்லையே."

"ஓம், இழுக்கல்ல," என்றாள் ஸுஹைறா. "இழுத்திருந்தீங்கெண்டா, காதியார்ட்டப் போற அலைச்சல் எனக்கு மிச்சம்."